நெட்வொர்க் டிரைவில் கிட் எஃப்எஸ்மானிட்டர்: சில மாற்றங்கள் கண்ணில் படுவதே இல்லை

காரைக்குடியில் சின்ன டிசைன் ஆபீஸ். ஆத்தங்குடி டைல் வடிவங்களின் எஸ்விஜி கோப்புகள் எல்லாம் ஒரே கிட் ரெபோவில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் களஞ்சியம்). பொங்கலுக்கு முன் அதை ஆபீஸ் நாஸுக்கு (நெட்வொர்க்கில் எல்லாரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) மாற்றினோம். அதிலிருந்து, எந்தக் கோப்புகள் மாறின என்று காட்டும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ அடித்துவிட்டு டீ குடித்து வரலாம், அவ்வளவு மெதுவு.

விண்டோஸ் 11, கிட் 2.45, நாஸில் லினக்ஸ், சாம்பா (விண்டோஸோடு கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) ஷேர். கோப்பு மாற்றங்களைக் கவனித்துக் கிட்டுக்குச் சொல்லும், கிட்டோடு வரும் எஃப்எஸ்மானிட்டரை ஆன் செய்தேன். நெட்வொர்க் டிரைவ் என்று மறுத்துவிட்டது. ‘எஃப்எஸ்மானிட்டர்.அலோரிமோட்’டை ட்ரூ ஆக்கியதும் அதன் டீமன் (பின்னணி நிரல்) ஓடுகிறது, வேகமும் வந்தது. சிக்கல் அப்புறம்தான். என் கணினியில் சேமித்தது உடனே தெரிகிறது. பக்கத்து அறை லினக்ஸ் கணினியிலிருந்து அதே ஷேரில் மாற்றினால் சில நேரம் ஸ்டேட்டஸில் வருவதே இல்லை. மெதுவாக இருந்தாலாவது பரவாயில்லை, பொய் சொல்வதுதான் பயமாக இருக்கிறது. டீமனை நிறுத்தித் தொடங்கினால் சரியாகக் காட்டுகிறது.

டிரைவ் எழுத்து, நேரடி யுஎன்சி பாதை (சர்வர் பெயரோடு தொடங்கும் முகவரி) இரண்டிலும் இதே கதை. கிட்டில் சேர்க்காத கோப்புகளைத் தேடுவதை வேகப்படுத்தும் அன்ட்ராக்டு கேச்சால் பெரிய பயனில்லை. லோக்கல் எஸ்எஸ்டியில் குளோன் (ரெபோவின் முழு நகல்) செய்தால் பிரச்சினையே இல்லை, ஆனால் ஆளுக்கொரு குளோன் வேண்டாம் என்கிறார் முதலாளி. சாம்பாவில் மாற்ற அறிவிப்புக்கான ‘சேஞ்ச் நோட்டிஃபை’, ‘கெர்னல் சேஞ்ச் நோட்டிஃபை’ இரண்டும் யெஸ்தான்.

அடுத்த கணினியில் நடக்கும் மாற்றங்களின் அறிவிப்பு விடுபடாமல் விண்டோஸ் டீமனுக்கு வந்துசேர, நாஸ் பக்கம் வேறு எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?