பல்பு எதைத் தின்கிறது? திரையோடு பாடம் நடத்திய அனுபவங்கள்

மும்பை தாராவி, அறிவியல் ஆசிரியை

தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். நான் முதலில் கையில் எடுத்த கருவி, திரையில் பாடத்தைக் காட்சியாகத் தொகுத்துக் காட்டும் பிரெசி என்ற மென்பொருள். பெரிய பலகை ஒன்றின் மேல் கேமரா பறந்துபோய் ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிக் காட்டுவதைப் போன்ற அந்த அமைப்பில், செரிமான மண்டலத்தை வாயில் தொடங்கிப் பெருங்குடல் வரை ஒரே பயணமாகக் கோப்பதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் சிறுகுடலின் வேலை என்ன என்று கேட்டபோது, "சுத்திச் சுத்திப் போச்சே டீச்சர்" என்று ஒரு பையன் காற்றில் விரலால் வட்டம் போட்டுக் காட்டினான். முன்வரிசையில் இருவருக்குத் தலைசுற்றல் வந்தது தனிக்கதை.

மின்சுற்றுப் பாடத்துக்கு, சோதனைகளைக் கணினித் திரையிலேயே செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) சிமுலேஷனைப் பயன்படுத்தினேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. காசு கிடையாது, ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம் என்பதால், மழைக்காலத்தில் நெட் படுத்துவிடும் எங்கள் பக்கத்துக்கு மிகவும் ஏற்றது. பேட்டரி, கம்பி, பல்பு ஆகியவற்றை இழுத்து இணைத்தால் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஓடத் தொடங்கும்.

மின்னோட்டத்தைப் பல்பு தின்றுவிடுகிறது என்பதே பிள்ளைகள் பலரின் நம்பிக்கை. ஆகவே சுவிட்சை மூடுவதற்கு முன்பே, பல்பைத் தாண்டிய கம்பியில் புள்ளிகள் குறையுமா, கூடுமா, அப்படியே இருக்குமா என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொன்னேன். நான்கைந்து பேரைத் தவிர அனைவரும் குறையும் என்றே எழுதியிருந்தனர். மூடியதும் இரு பக்கமும் புள்ளிகள் ஒரே நெருக்கத்தில், ஒரே வேகத்தில் ஓடின. சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "அப்போ பல்பு எதைத்தான் எடுத்துக்குது டீச்சர்?" என்று கேட்டாள். ஆற்றல் என்ற சொல்லை அந்தக் கேள்விக்குப் பிறகே கரும்பலகையில் எழுதினேன்.

ஒரு எச்சரிக்கை. உண்மையான கம்பியில் எலக்ட்ரான்கள் பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை என்பதையும், அவற்றுக்கு நிறம் கிடையாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். 'நீல நிற எலக்ட்ரான்' என்று எழுதிய விடைத்தாளை நான் திருத்தியிருக்கிறேன்.

செம்பூர், வார இறுதித் தமிழ் வகுப்பு

மேலே எழுதிய அம்மையாருக்குக் கருவி ஒழுங்காக வேலை செய்தது. எனக்கு அது கெட்டுப்போனதே பாடமாயிற்று. மழை என்றதும் மனத்தில் தோன்றுவதைப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வரி எழுத, அவற்றைச் சொல்மேகமாக மாற்றும் ஓர் இணையக் கருவியில் இட்டேன். அதிகம் வரும் சொல் பெரிதாகத் தெரியும் என்று ஆசை காட்டியிருந்தேன். திரையில் 'தண்ணீர்' என்பது 'தண', 'ண', 'ர' எனச் சிதறிக் கிடந்தது. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகக் கொள்ளாமல் சொல்லின் எல்லையாக அந்தக் கருவி எண்ணிக்கொண்டதால் வந்த வினை. வகுப்பே சிரித்தது.

வேறொரு கருவி சொற்களைச் சிதைக்கவில்லை. ஆனால் மழை, மழையில், மழைக்கு, மழையால் ஆகியவற்றை நான்கு தனிச் சொற்களாக எண்ணி, எல்லாவற்றையும் பொடி எழுத்தில் காட்டியது. நாற்பது முறை மழையைப் பற்றி எழுதியும் மழை ஏன் பெரிதாகவில்லை என்று பிள்ளைகளுக்குக் கோபம். அந்தக் கோபம் ஆறுவதற்குள் சாக்பீஸை அவர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு சொல்லின் வாலையும் வெட்டி எழுதச் சொன்னேன். இல், கு, ஆல் என்று பலகையின் வலப்பக்கம் நிறைந்தது. மூன்று வாரமாக நான் மனப்பாடம் செய்யச் சொல்லித் தோற்ற வேற்றுமை உருபுகள் அவை.

சயான், சமூக அறிவியல் ஆசிரியர்

கூகுள் எர்த் திறந்தால் முதல் இருபது நிமிடங்கள் உங்களுடையவை அல்ல. எல்லோரும் தத்தம் வீட்டுக் கூரையைத்தான் தேடுவார்கள். மழைக்காக விரித்த நீலத் தார்ப்பாயைப் பார்த்து எங்கள் வீடு, உங்கள் வீடு என்று சண்டையும் நடக்கும். தடுக்காதீர்கள்.

2005 ஜூலை 26இல் மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததைச் சொல்லி, விகார், பவாய் ஏரிகளிலிருந்து மாகிம் கழிமுகம் வரை மித்தி ஆற்றை விரலால் தொடரச் சொன்னேன். விமான நிலைய ஓடுபாதைக்கு அருகில் வந்ததும் ஒரு பையனின் விரல் நின்றது. "சார், ஆறு ஏன் இங்கே மட்டும் இப்படி மடங்குது?" என்றான். அடுத்த ஸ்லைடுக்கு நான் போகவில்லை. மணி அடிக்கும்வரை வகுப்பு அந்த வளைவிலேயே நின்றது.