நாசிக் ஒயினைக் கொண்டாட என்ன இருக்கிறது?

கொடிவழி:
பிப்ரவரியில் மூன்று நாள் நாசிக்கில் இருந்தேன். கங்காப்பூர் அணைப் பக்கம் ஒரு சிறிய ஒயின் ஆலை. வெயில் ஏறினால் பழம் சூடாகிவிடும் என்று, விடிவதற்கு முன்பே நெற்றிவிளக்கு கட்டிக்கொண்டு குலை வெட்டுகிறார்கள். மேற்பார்வையாளர் ஒரு பழத்தை நசுக்கி, சாற்றில் ஒரு சொட்டைக் கையிலிருந்த சர்க்கரைமானியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “இருபத்திரண்டு” என்றார், பழத்தில் சர்க்கரை போதுமான அளவு ஏறிவிட்டது என்று பொருள். அன்றைக்கு அந்த வரிசை முழுவதும் வெட்டப்பட்டது. மாலையில் அதே தோட்டத்தின் முந்தைய ஆண்டு செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் குடித்தேன். கொய்யா வாசனை, நாக்கின் ஓரத்தில் இதமான புளிப்பு. பிரெஞ்சுப் பெயர் ஒட்டிய புட்டி என்றால் வாய்பிளக்கிறோம். நாசிக் என்றால் மட்டும் ஏன் இந்த இளக்காரம்? வீட்டு விருந்துகளில் இனி நாசிக் ஒயினைத்தான் முதலில் வைக்கவேண்டும் என்பேன்.

கசப்பு:
வையுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ‘உள்ளூர் ஒயின்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். செனின் பிளாங்க் பிரான்சின் லுவார் பள்ளத்தாக்குக் கொடி. சிவப்பு ஒயினுக்கான ஷிராஸ், அதே பிரான்சின் ரோன் பள்ளத்தாக்குக் கொடி. நாசிக்கின் பெரிய ஒயின் ஆலையான சுலா தொடங்கியபோது ஆலோசகராக வந்த கெர்ரி டாம்ஸ்கி கலிபோர்னியாக்காரர். கொடி அங்கிருந்து, கைப்பக்குவமும் அங்கிருந்து. நாசிக்கின் பங்கு என்ன, நிலமும் கூலியாளும் மட்டும்தானே? வார இறுதியில் மும்பையிலிருந்து வரும் கூட்டம் தொட்டிக்குள் இறங்கித் திராட்சையை மிதித்துப் படம் எடுத்துக்கொள்கிறது. கொண்டாட்டம் அதோடு சரி.

செம்மண்:
கொடி வெளியூர் என்பதெல்லாம் ஒரு வாதமா ஐயா? மிளகாயும்தான் கடல் கடந்து வந்தது. மிளகாய் இல்லாமல் நம் குழம்பு ஏது? மால்பெக் என்ற ஒயின் திராட்சை பிரான்சிலிருந்து அர்ஜென்டினா போய் அங்கேதான் பெரும்புகழ் பெற்றது.

நாசிக்கின் தனித்தன்மை கவாத்தில், அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிடுவதில் இருக்கிறது. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி உறங்கிவிடும், ஆண்டுக்கு ஒரு கவாத்து போதும். இங்கே கொடிக்கு உறக்கமே கிடையாது. அதனால் இரண்டு கவாத்து. ஏப்ரல் வாக்கில் ஒன்று, அது கிளையைத் தேற்றுவதற்கு. மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, அது காய்ப்புக்கு. நடுவே வரும் பருவமழையில் காய் இருந்தால் ஈரத்தில் பரவும் அடிச்சாம்பல் நோய் தின்றுவிடும். அந்த நாலு மாதத்தையும் வெறும் இலையாகக் கடக்கவைக்கிறார்கள். ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் நடக்கிற அறுவடை இங்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரை. சுமார் 600 மீட்டர் உயரம், குளிர்காலம். பகல் சுட்டாலும் இரவு குளிர்வதால்தான் பழத்தில் புளிப்பு தங்குகிறது. இதை எந்த லுவார் விவசாயி வந்து சொல்லிக்கொடுக்க முடியும்?

கசப்பு:
கவாத்துப் பாடம் நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்டது கோப்பையில் என்ன இருக்கிறது என்பது. பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறியதும் சர்க்கரை குதிரை வேகத்தில் ஏறுகிறது, விதையும் தோலும் முற்றுவதற்குள்ளேயே. புளிப்பு இறங்கிவிடுகிறது. பிறகு தொட்டியில் டார்டாரிக் அமிலம் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். மண்ணின் சுவை என்கிறீர்களே, அதில் எவ்வளவு மண், எவ்வளவு பொட்டலம்?

இன்னொன்று. போன ஏப்ரலில் ஒரு கடையில் நாசிக் சிவப்பு ஒயின் வாங்கினேன். தக்கை அரைவிரல் அளவு மேலே தள்ளி நின்றது. திறந்தால் கொதித்த ஜாம் வாசனை. மீதியைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டேன்.

கொடிவழி:
அது கடைக்காரர் வெயிலில் அடுக்கி வேகவைத்த ஒயின். பால் திரிந்தால் மாட்டைக் குற்றம் சொல்வீர்களா? அமிலம் சேர்ப்பது ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் நடக்கிற வேலைதான். அங்கே அது கைத்திறன், இங்கே பொட்டலமா?

முல்லைக்கரை:
நான் கம்பம் பக்கம். எங்கள் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பந்தலில் படரவிட்டு, ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வெட்டுகிறோம். உள்ளூர், உள்ளூர் என்று இவ்வளவு பேசுகிறீர்கள், எங்கள் பழத்தைப் பற்றி யாராவது வாய் திறந்தீர்களா?

கசப்பு:
சபாஷ். இதைத்தான் உள்ளூர் என்பேன்.

செம்மண்:
அவசரப்படாதீர்கள். பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க், அதுவும் ஐரோப்பியக் கொடிதான். பெங்களூர் நீலத் திராட்சைக்கும் புவிசார் குறியீடு உண்டு, அதன் பூர்வீகம் அமெரிக்கா. உங்கள் அளவுகோலை வைத்தால் ஒன்றுகூட மிஞ்சாது.

முல்லைக்கரைக்கு: பன்னீரில் ஒயின் வரும், மணமும் தூக்கலாக இருக்கும். சிக்கல் விளைச்சலில். ஒயினுக்குக் கொடியில் குலையைக் குறைத்து, சாற்றை அடர்த்தியாக்க வேண்டும். சந்தைக்கு எடை போட்டு விற்கிறவரிடம் போய்ப் பாதிக் குலையைக் கிள்ளி எறியச் சொன்னால் என்ன நடக்கும்?

முல்லைக்கரை:
கவாத்துக் கத்தியோடு துரத்துவார்கள். என் மாமாவே முதலில் வருவார்.

கசப்பு:
விவசாயி பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்கலாம் என்று முடிவெடுத்தது. விவசாயிக்கு நல்லது என்றார்கள். அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருப்பேன் என்று எச்சரித்தார், அந்த விற்பனைப் பேச்சு அப்படியே அமுங்கிப்போனது. நாசிக்கில் விளைவதில் பெரும்பகுதி சாப்பிடுகிற திராட்சை. ஒயினுக்குப் போவது சிறு பங்கு. 2008-க்குப் பிறகு விற்பனை சரிந்தபோது ஒயின் கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சாப்பிடும் ரகத்துக்கே திரும்பியவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்த விழாவில் நாற்காலி போட்டார்கள்?

கொடிவழி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் போன ஆலையில் சுவை பார்க்கும் மேசையில் அரைமணி நேரம் பேசினார்கள், பழம் யார் தோட்டத்தது என்று ஒரு வார்த்தை வரவில்லை. நானும் கேட்கவில்லை. புட்டியில் ஆலையின் பெயர் இருக்கிறது, கொடியின் பெயர் இருக்கிறது, விளைவித்தவர் பெயர் இல்லை.

ஆனாலும் நாக்கு சொன்னதை நான் மாற்றிச் சொல்ல முடியாது. அந்த செனின் பிளாங்க் நன்றாக இருந்தது.

கசப்பு:
அப்படியானால் சோதித்துவிடலாம். நாசிக் மாவட்டத்திலேயே திண்டோரியில் விளைந்த செனின் பிளாங்க் ஒன்று, இகத்புரிப் பக்கம் விளைந்தது ஒன்று. ஒரே ஆண்டு, இரண்டிலும் இனிப்பு தங்கியிருக்கக் கூடாது. புட்டிக்கு உறை போட்டு மூன்று கோப்பை ஊற்றுங்கள், இரண்டில் ஒரே ஒயின். வேறானது எது என்று நான் கண்டுபிடித்துவிட்டால், நிலத்துக்கு நிலம் சுவை மாறுகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.

செம்மண்:
ஒருமுறை குருட்டாம்போக்கிலும் சரியாக வரும். ஐந்து சுற்று வைக்கவேண்டும். உறை போடுவதும் ஊற்றுவதும் என் பொறுப்பு. நான் குடிப்பதில்லை, அதனால் கணக்கு பிசகாது.

கொடிவழி:
குடிக்காதவரா இத்தனை நாள் எங்களுக்குப் பாடம் எடுத்தது?

செம்மண்:
கொடியை வளர்ப்பதற்குக் குடிக்கவேண்டும் என்று யார் சொன்னது?

முல்லைக்கரை:
நான் பன்னீர் திராட்சை ஒரு கூடை கொண்டுவருகிறேன். சாப்பிடத்தான்.

கசப்பு:
டிசம்பரில் வைத்துக்கொள்வோம், ஏப்ரல் வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து எவ்வளவு நேரம் கழித்து ஊற்றுவீர்கள்?

கொடிவழி:
பத்து நிமிடம்.

கசப்பு:
இருபது. சில்லென்று கொடுத்தால் எல்லா வெள்ளை ஒயினும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.