தைராய்டு மாத்திரை தவறாமல் எடுத்தும் டிஎஸ்எச் இறங்கவில்லை. சாப்பாடு காரணமா?

கேள்வி:
லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம், ஒரு நாளும் விடுவதில்லை. ஆனாலும் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 8-லேயே நிற்கிறது. காலை 7 மணிக்கு மாத்திரை, பத்து நிமிஷத்தில் பால் காபி, 8 மணிக்குச் சாப்பாட்டோடு கால்சியம் மாத்திரை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இரண்டையும் அடியோடு நிறுத்தியாயிற்று. டோஸைக் கூட்டுவதற்கு முன் சாப்பாட்டில் எதை மாற்றிப் பார்க்கலாம்?

பதில் 1:
முட்டைக்கோஸ் கவலையை விடுங்கள், அந்தக் காபியைத் தள்ளிப்போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டாலே இந்த மருந்தில் சுமார் 70–80 சதவீதம்தான் உடம்பில் சேரும். கூடவே காபி போனால் அதுவும் குறையும். தண்ணீரில் மட்டும் விழுங்கிவிட்டு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம்.

கால்சியம் இன்னும் பெரிய சிக்கல். கால்சியமும் இரும்பும் குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 7 மணிக்குத் தைராய்டு மாத்திரை என்றால் கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. மல்டிவிட்டமின் எடுத்தால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். இரும்பும் கால்சியமும் அங்கே ஒளிந்திருக்கும்.

ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் மாதிரி வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஏதாவது தினமும் போகிறதா? தைராய்டு மாத்திரை கரைய வயிற்று அமிலம் தேவை. நேரத்தைத் தள்ளி வைத்து இதைச் சரிக்கட்ட முடியாது, டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பதில் 2:
முட்டைக்கோஸ் பயம் தேவையில்லாதது. அதிலுள்ள சேர்மங்கள் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பச்சையாக, மிக அதிகமாக, அதுவும் அயோடின் பற்றாக்குறையோடு சாப்பிட வேண்டும். வேகவைத்தால் அந்தச் சேர்மங்களை உண்டாக்கும் நொதியே பெரும்பாலும் செயலிழந்துவிடும்.

அயோடின் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். அயோடின் உப்பை இறக்கும்போது சேர்த்தால் இழப்பு குறையும். "தைராய்டுக்கு நல்லது" என்று விற்கும் கடற்பாசி மாத்திரைகள் பக்கமே போகாதீர்கள். அளவுக்கு மீறிய அயோடினும் தைராய்டை மந்தமாக்கும்.

சோயாவும் நார்ச்சத்துப் பொடியும் மருந்து சேர்வதைக் குறைக்கும். நிறுத்த வேண்டாம், மாத்திரையிலிருந்து தள்ளி, தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் எடுங்கள். ஒரு வாரம் நிறைய, மறு வாரம் எதுவுமில்லை என்றால்தான் டோஸ் கணக்கு கெடும்.

பதில் 3:
யாரும் தொடாத ஒன்று: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) எடுக்கிறீர்களா? தினத் தேவை 30 மைக்ரோகிராம்தான். முடி மாத்திரைகளில் 5,000, 10,000 எல்லாம் உண்டு. அது தைராய்டைத் தொடாது, பரிசோதனையைத்தான் குழப்பும். பல ஆய்வகக் கருவிகளில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து தெரியும். அப்படியானால் உங்கள் 8-கூட உண்மையில் கூடுதலாக இருக்கலாம். ரத்தம் கொடுப்பதற்கு 2 நாளாவது முன்பே நிறுத்துங்கள்.

நேரத்தை மாற்றிய அடுத்த வாரமே லேபுக்கு ஓடவும் வேண்டாம். ரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். அளவு நிலைப்பட்டு, டிஎஸ்எச் அதற்கேற்ப நகர 6–8 வாரம் பிடிக்கும். கர்ப்பம் என்றால் மட்டும் இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது, உடனே டாக்டர்.

கேள்வி கேட்டவர்:
காலையில் காபி இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டுவது கஷ்டம். ராத்திரி எடுக்கலாமா?

பதில் 1:
எடுக்கலாம். கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். படுக்கும் முன் குடிக்கும் பாலும் சாப்பாட்டுக் கணக்குதான். கால்சியத்தை மதியத்திலேயே வையுங்கள். டாக்டரிடம் பழைய நேரம், புதிய நேரம் இரண்டையும் சொல்லிவிடுங்கள். நேரத்தையும் மாற்றி டோஸையும் கூட்டினால் மருந்து திடீரென்று அதிகமாகிப் படபடப்பு, தூக்கமின்மை என்று வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.