தாரை வார்த்துக் கொடுக்கும் உரிமை யாருக்கு?

தண்டையார்பேட்டை உறுப்பினர்:

கன்னிகாதானத்தைத் தம்பதியாக அமர்ந்துதான் செய்ய வேண்டும் என்று சொல்லி, கணவரை இழந்த தாயை, அவள் பெற்ற மகளின் திருமணத்திலேயே தூணோரம் நிறுத்திவிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் முழுதாக மாறவில்லை. என் அக்காள் மகளின் திருமணத்திலும் இந்தப் பேச்சு எழுந்தது. அத்தான் காலமான பிறகு, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி அந்தப் பெண்ணைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தவள் அக்காள். பெண்ணின் பெரியப்பா நல்லவர்தான், ஆனால் நல்லது கெட்டதுக்கு வந்து போனவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அவரும் பெரியம்மாவும் மணையில் அமர்ந்து தாரை வார்ப்பதென்று நிச்சயதார்த்தத்தன்றே பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

மணப்பெண்தான் மறுத்தாள். "அம்மா கொடுக்கட்டும், மாமா; இல்லையென்றால் அந்தச் சடங்கே வேண்டாம்" என்று என்னிடம் உறுதியாகச் சொல்லிவிட்டாள். நான் புரோகிதரைப் பார்த்துப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. சங்கல்பத்துக்குத் தம்பதி அமரட்டும், நீர் வார்ப்பதைத் தாயார் செய்வதில் இரு வீட்டாருக்கும் சம்மதமென்றால் தமக்குத் தடையில்லை என்றார். பாதி நியாயம்தான், ஆனாலும் ஒப்புக்கொண்டோம்.

திருவொற்றியூர் மண்டபத்தில், முகூர்த்த நேரத்தில் வேறொரு சிக்கல் வந்தது. இன்னாரின் கொள்ளுப்பேத்தி, பேத்தி, மகள் என்று மூன்று தலைமுறை ஆண்களின் பெயரைச் சொல்லி, "நப்த்ரீம், பௌத்ரீம், புத்ரீம்" என்று மும்முறை ஓத வேண்டும். கொள்ளுத்தாத்தாவின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாதசுரச் சத்தத்துக்கு நடுவே எண்ணூரில் இருக்கும் அத்தைக்குத் தொலைபேசியில் பேசி, பெயரைக் கேட்டுப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். கோத்திரமும் தெரியாததால் சிவகோத்திரம் என்று சொல்லிக்கொண்டோம். யாருக்கும் நினைவில்லாத அந்த முன்னோர் மூன்று முறை அழைக்கப்பட்டார். வளர்த்தவளின் பெயர் ஒருமுறையும் வரவில்லை.

மாப்பிள்ளையின் குவிந்த கைகளின் மேல் பெண்ணின் கைகள். அவற்றில் வெற்றிலை பாக்கு, ஒரு ரூபாய் நாணயம், மஞ்சள் பூசிய குடுமித் தேங்காய். அக்காள் செம்பைச் சாய்த்த வேகத்தில் நீர் தேங்காயில் பட்டுத் தெறித்து மாப்பிள்ளையின் சட்டைக் கையை நனைத்தது. "மெதுவா ஊத்துங்கம்மா, தாரை அறுபடக் கூடாது" என்றார் புரோகிதர். உறவுக்காரப் பாட்டிமார் இருவர் மேடையை விட்டு இறங்கிப் போனார்கள். போகட்டும்.

முறை என்ன ஆவது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொல்காப்பியக் கற்பியலின் முதல் நூற்பா "கொடைக்குரி மரபினோர் கொடுப்ப" என்றுதான் சொல்கிறது. அந்த அடியில் தந்தை என்ற சொல் இல்லை. அடுத்த நூற்பாவோ, உடன்போக்கில், அதாவது வீட்டாருக்குத் தெரியாமல் காதலனுடன், சென்றவர்களை வைத்து, "கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டே" என்கிறது; கரணம் என்பது திருமணச் சடங்கு. எங்கள் திருவொற்றியூரிலேயே, பெரியபுராணத்தின்படி, இறைவன் ஆணையால் சங்கிலியாரைச் சுந்தரருக்கு மணம் செய்து கொடுத்தவர்கள் அவ்வூர் அடியார்கள் அல்லவா?

பெரம்பூர் உறுப்பினர்:

ஐயா, எங்கள் வீட்டில் சிக்கல் நேர் எதிர்த்திசையிலிருந்து வந்தது. நாங்கள் சுயமரியாதைத் திருமணக் குடும்பம். தமிழ்நாடு அரசின் 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவின்படி, உற்றார் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்து மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். கொடுப்பவர் என்று ஒருவர் தேவையில்லை. என் மகள் திருமணமும் அப்படித்தான் நடந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, சம்பந்தி வீட்டுப் பாட்டி நாற்காலியை விட்டு எழ மறுத்துவிட்டார். "பெண்ணை யாருமே கொடுக்கவில்லையே, நாங்கள் எப்படி அழைத்துப் போவது?" என்பது அவருடைய கேள்வி. "நானே வருகிறேன், பாட்டி" என்றாள் என் மகள். அது செல்லுபடியாகவில்லை. என் மனைவியை அருகில் அழைத்து, மகளின் கையைப் பிடித்துத் தம் கையில் வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்ட பிறகே அவர் பந்திக்கு எழுந்தார்.