மீன்தொட்டி நீருக்கான கண்டிஷனர் அம்மோனியாவை உண்மையில் நீக்குகிறதா? வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

கேள்வி – அல்சூர்வாசி

வணக்கம். பெங்களூரு அல்சூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். காவிரி நீரும் போர்வெல் நீரும் ஒரே கீழ்த்தொட்டியில் கலந்துதான் எங்கள் குழாய்க்கு வருகின்றன. மீன்தொட்டிக்கு ஊற்றும் நீரில் குளோரினை நீக்க வாங்கிய கண்டிஷனரின் புட்டியில், அது அம்மோனியாவையும் நீக்கும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் அளவாக ஊற்றிய பிறகும் அம்மோனியாவை அளக்கும் சாலிசிலேட் வகைச் சொட்டுக் கிட்டில், அம்மோனியா இருப்பதைக் காட்டும் பச்சை நிறம் சற்றும் குறையவில்லை. நம்பத் தகாதது புட்டியா, கிட்டா? மீன்களைப் பணயம் வைக்காமல் இதை உறுதிசெய்ய வழியுண்டா?

பதில் – கப்பி வளர்ப்பவர்

முதலில் புட்டியின் உட்பொருளைப் பாருங்கள். சோடியம் தயோசல்பேட் மட்டுமே இருந்தால் அது குளோரினை நீக்குமே தவிர, அம்மோனியாவைத் தொடாது. குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மம்) கலந்த நீரில் குளோரின் பகுதியை முறித்து அம்மோனியாவை அப்படியே விட்டுவிடும். ஹைட்ராக்ஸிமீத்தேன்சல்போனேட் போன்ற பொருள் இருந்தால் விளம்பரத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அதுவும் அம்மோனியாவை வேறொரு சேர்மமாகப் பிணைக்கிறதே தவிர, நீரிலிருந்து வெளியேற்றுவதில்லை.

உங்கள் கிட், நஞ்சான அம்மோனியாவையும் அவ்வளவாகத் தீங்கற்ற அம்மோனியத்தையும் சேர்த்தே காட்டும். கிட்டின் கரைசல் நீரை மிகுந்த காரத்தன்மைக்குக் கொண்டுபோவதால், பிணைந்திருந்தது கூட அதில் அவிழ்ந்து நிறம் காட்டலாம். ஆகவே பச்சை மாறவில்லை என்பதை மட்டும் வைத்துப் புட்டியைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

பதில் – வாளிக்காரன்

சோதனையை மீன்தொட்டியில் செய்யாதீர்கள். பில்டரில் உள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவைத் தின்று தீர்க்க, பெயரைக் கண்டிஷனர் தட்டிக்கொண்டு போகும். மூடியுள்ள புதிய வாளிகளில், காய்ச்சி வடித்த நீரில் செய்யுங்கள்.

ஆய்வகத் தரமுள்ள அம்மோனியம் குளோரைடு, அதாவது பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரத்தின் தூய வடிவம், சுமார் 3 கிராம் எடுத்து 1 லிட்டர் நீரில் கரையுங்கள். அந்தக் கரைசலில் 20 மில்லியை 10 லிட்டர் வாளியில் ஊற்றினால் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அம்மோனியம் கிடைக்கும். ஒரு வாளியில் அம்மோனியமும் கண்டிஷனரும், இன்னொன்றில் அம்மோனியம் மட்டும், மூன்றாவதில் கண்டிஷனர் மட்டும். மூன்றாவது வாளியை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் கண்டிஷனர் தானாகவே கிட்டில் நிறம் உண்டாக்குகிறதா என்பதை அதுதான் காட்டும். பாதரசம் கொண்ட நெஸ்லர் வகைக் கிட்டுகளில் இந்தத் தொல்லை அதிகம்.

ஒவ்வொரு வாளியிலும் பிஎச் அளவையும் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) குறித்துக்கொள்ளுங்கள். 25 பாகை வெப்பத்தில் பிஎச் 8 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் சுமார் 5 விழுக்காடு நஞ்சான வடிவில் இருக்கும். 7க்கு இறங்கினால் அது 1 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். கண்டிஷனர் பிஎச்சைக் குறைத்தாலே போதும், எதையும் பிணைக்காமலே நல்ல பெயர் வாங்கிவிடும்.

அல்சூர்வாசி

மிக்க நன்றி. முதல் வாளியில் கிட் சுழியம் காட்டினால் அதையே சான்றாகக் கொள்ளலாமா?

பதில் – கப்பி வளர்ப்பவர்

கொள்ள முடியாது. சாலிசிலேட் முறையில் நிறம் உண்டாகக் கிட்டின் கரைசலிலேயே குளோரின் வேண்டும். கண்டிஷனரின் வேலையே குளோரினை அழிப்பதுதான் என்பதால், மிகுதியாக ஊற்றிய நீரில் அது கிட்டின் குளோரினையும் தின்றுவிட்டு, அம்மோனியா இருந்தும் சுழியத்துக்குரிய மஞ்சளையே காட்டக்கூடும். அத்தகைய மாதிரியை வடித்த நீரால் நான்கு மடங்கு நீர்த்து மறுபடி சோதியுங்கள். அப்போது பச்சை தோன்றினால், முன்பு கண்ட சுழியம் கிட்டின் மயக்கமே. அறிந்த அளவு அம்மோனியாவை மறுபடி சேர்த்துப் பார்ப்பதும் பழக்கத்தில் உள்ள முறைதான். ஆனால் கண்டிஷனருக்குப் பிணைக்கும் திறன் மிச்சமிருந்தால் அதையும் விழுங்கிவிடும் என்பதால், இங்கே எனக்கு நீர்ப்பதே மேல் என்று தோன்றுகிறது.

நஞ்சான அம்மோனியாவை மட்டும் உணரும், தொட்டிக்குள்ளே ஒட்டிவைக்கும் வில்லைகளும் கிடைக்கின்றன. கிட்டோடு அதையும் முதல் இரு வாளிகளில் வைத்து, இரண்டின் பிஎச்சும் ஒன்றாக இருக்கும்போது ஒப்பிட்டால், உங்கள் கேள்விக்கு நேரான விடை கிடைக்கும். அதுவரை தொட்டியில் அம்மோனியா ஏறினால், கண்டிஷனரைக் கூட்டாமல் குளோரின் நீக்கிய நீரால் பாதியை மாற்றிவிடுங்கள்.