விவாதத் தலைப்பு: துப்பாக்கிக் கட்டுப்பாடு வன்முறைக் குற்றத்தைக் குறைக்குமா? எந்தக் கணக்கு நிற்கும், எது விழும்?

ஹட்டன் விவாத அணி

எல்லாருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கான போட்டி. தலைப்பு: “துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வன்முறைக் குற்றங்களைக் குறைக்கும்.” எந்தப் பக்கம் என்பதை அன்றைக்குத்தான் சீட்டுக் குலுக்கிச் சொல்வார்கள். அதனால் இரண்டுக்கும் தயாராக வேண்டும்.

பிள்ளைகள் கொண்டுவந்த குறிப்புகளைப் பிழிந்தால் தேறுவது மூன்று வரி. அமெரிக்காவில் துப்பாக்கி அதிகம், சாவும் அதிகம். அவுஸ்திரேலியா தடை செய்தது, உடனே குறைந்தது. சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி, கொலையே இல்லை. குறுக்குக் கேள்வி வந்தால் இவற்றில் எது தாங்கும்? “துப்பாக்கி இல்லாவிட்டால் கத்தி இருக்கிறதே” என்று கேட்டால் என்ன பதில்? மலையகத்து உதாரணம் ஒன்றும் வேண்டும். எல்லாம் வெளிநாட்டுக் கதையாக இருந்தால் நடுவர்கள் புள்ளியை வெட்டிவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை

சேர், முதலில் தலைப்பைப் பிரியுங்கள். “வன்முறைக் குற்றம்” என்ற சொல்லுக்குள் கொலை, கொள்ளை, கடுங்காயம், பாலியல் வன்முறை எல்லாம் அடங்கும். எண்ணிக்கையில் கொலை அதில் மிகச் சிறிய துண்டு. துப்பாக்கிச் சட்டத்தால் கொள்ளையும் அடிதடியும் குறைகின்றன என்று காட்டுவது கடினம். ஒரு சண்டை சாவில் முடியுமா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் முடியுமா என்பதில்தான் துப்பாக்கியின் பங்கு தெரியும். ஆதரவு அணி நிற்க வேண்டிய இடம் அதுதான்.

கத்திக் கேள்விக்குப் பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. 1968இல் பிராங்க்ளின் சிம்ரிங் என்ற சட்டத்துறை ஆய்வாளர் சிக்காகோ பொலிஸ் பதிவுகளை எடுத்து, துப்பாக்கித் தாக்குதல்களையும் கத்தித் தாக்குதல்களையும் ஒப்பிட்டார். சண்டைக்கான காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் துப்பாக்கித் தாக்குதலில் செத்தவர்களின் விகிதம் சுமார் 5 மடங்கு. இன்னொன்றும் சொல்லலாம். 1990களில் திருட்டிலும் வீடுடைப்பிலும் லண்டன் நியூயோர்க்குக்கு மேலே இருந்தது; கொலையில் மட்டும் நியூயோர்க் பல மடங்கு மேலே. திருடர்கள் இரண்டு ஊரிலும் இருந்தார்கள்.

அடுத்தது, பிள்ளைகள் கட்டாயம் விழப்போகிற குழி. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். மேடையில் இதைக் “கொலை” என்று சொன்னால் கதை முடிந்தது. அதில் 26,328 தற்கொலை, 20,958தான் கொலை. மிச்சம் விபத்து, பொலிஸ் சுட்டது, காரணம் தெரியாதது. இந்த எண்கள் இறப்புச் சான்றிதழ்களிலிருந்து சி.டி.சி. (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) எடுத்தவை. எப்.பி.ஐ.யின் 2021ஆம் ஆண்டுக் குற்ற அட்டவணையைத் தொடவே வேண்டாம். அந்த வருடம் பதிவு முறையை மாற்றியதால் நியூயோர்க், லொஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெரிய நகரங்களின் விவரம் அதில் வரவில்லை.

நம் நாட்டுக் கணக்கை எடுப்பதென்றால் பொலிஸின் பாரதூரமான குற்ற அட்டவணையைப் பாருங்கள். அதில் “கத்தியால் காயப்படுத்தல்” தனி வரியாகவே இருக்கும். கொலை வரியில் தற்கொலைக்கு உடந்தையாக இருந்ததையும் சேர்த்திருப்பார்கள். அதனால் அந்த வரியை அப்படியே இன்னொரு நாட்டின் கொலை எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. மாவட்ட அளவில் வீதம் பேசுவதும் ஆபத்து. நுவரெலியா மாவட்டத்தில் 2012 தொகைமதிப்பின்படி 7,11,644 பேர். லட்சத்துக்கு 3 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் வருடத்துக்கு சுமார் 21 கொலை. எங்காவது ஒரே சம்பவத்தில் 4 பேர் செத்தால் 25 ஆகிவிடும், கிட்டத்தட்ட 19 சதவீத உயர்வு! சட்டமும் மாறவில்லை, துவக்கும் கூடவில்லை. சிறிய எண்ணில் சதவீதம் சொல்பவரைக் கண்டால் “ஐந்து வருடச் சராசரி என்ன?” என்று கேட்கச் சொல்லுங்கள்.

எதிர்க்கட்சி வக்கீல்

கணக்குப்பிள்ளை ஆதரவுப் பக்கத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டார். அதை இடிக்கவும் ஆள் வேண்டுமே.

1991 முதல் 2014 வரை அமெரிக்காவில் துப்பாக்கிகள் கூடிக்கொண்டே போயின. அதே காலத்தில் வன்முறைக் குற்ற வீதம் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. எதிரணியின் முதல் அடி இதுவாக இருக்கட்டும். ஆதரவு அணி 2020ஐத் தூக்கிக்கொண்டு வரும்: துப்பாக்கி விற்பனை எகிறியது, கொலை ஒரே வருடத்தில் சுமார் 30 சதவீதம் கூடியது என்று. “சரி, 2023இலும் 2024இலும் கொலை வேகமாக இறங்கியதே, வாங்கிய துப்பாக்கிகளைக் கடலிலா போட்டார்கள்?” என்று திருப்பிக் கேட்கலாம்.

ஜமைக்கா 1974இலேயே துப்பாக்கிக் குற்றங்களுக்கென்று தனி நீதிமன்றம் அமைத்த நாடு. கொலை வீதத்தில் பல ஆண்டுகளாக உலகின் மேல்வரிசையில் இருக்கிறது. மெக்சிகோவில் பொதுமக்கள் சட்டப்படி துப்பாக்கி வாங்க நெடுங்காலம் இராணுவம் நடத்திய ஒரே ஒரு கடைதான் இருந்தது. அங்கு என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று: வெளிநாட்டிலிருந்து கடத்தல். இதை ஆதரவு அணி தன் பக்கம் இழுக்கப் பார்க்கும், எச்சரிக்கை.

அவுஸ்திரேலியா பற்றிப் பிள்ளைகள் எழுதியது பாதிதான் சரி. போர்ட் ஆர்தரில் 1996 ஏப்ரல் 28இல் 35 பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் மத்திய, மாநில அரசுகள் செய்த ஒப்பந்தத்தில் அரைத்தானியங்கி நீளத் துப்பாக்கிகளுக்குத் தடை, எல்லாவற்றுக்கும் பதிவு, வாங்க 28 நாள் காத்திருப்பு, நியாயமான காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு காரணமாக ஏற்கப்படாது. சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு பணம் கொடுத்து வாங்கி அழித்தது. ஆனால் துப்பாக்கிக் கொலை 1996க்கு முன்பே இறங்கிக்கொண்டிருந்தது. சட்டத்துக்குப் பிறகு இறக்கம் வேகமானதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. “தடை செய்தது, உடனே குறைந்தது” என்று ஒரே மூச்சில் சொல்கிற பிள்ளையை அங்கேயே பிடிக்கலாம்.

சுவிட்சர்லாந்து எதிரணிக்கு இனிப்பு மாதிரித் தெரியும், உள்ளே கசப்பு. அங்கு வீட்டில் இருப்பவற்றில் பல இராணுவச் சேவைத் துப்பாக்கிகள். 2007க்குப் பிறகு அவற்றுக்குரிய ரவையை வீட்டில் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். வாங்குவதற்கும் அனுமதி வேண்டும். தவிர, 2017இல் எடுத்த மதிப்பீட்டின்படி 100 பேருக்கு அமெரிக்காவில் 120, சுவிட்சர்லாந்தில் 28க்குக் கிட்ட. “வீட்டுக்கு வீடு” என்பது மிகை.

துப்பாக்கி தாங்கிச் செல்ல உரிமை கொடுத்தால் குற்றம் குறையும் என்ற வாதமும் கைக்கு வரும். வேண்டாம். அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகம் 2004இல் அதை ஆராய்ந்து, குறையும் என்றோ கூடும் என்றோ சொல்ல ஆதாரம் போதாது என்று எழுதிவிட்டது.

கணக்குப்பிள்ளை

வக்கீல் ஐயா சொன்னதில் ஒரு திருத்தம். “துப்பாக்கிச் சட்டம்” என்று ஒரே பொருள் கிடையாது. அமெரிக்காவில் 1994இல் வந்து 2004இல் காலாவதியான “தாக்குதல் ஆயுத” (இராணுவப் பாணி அரைத்தானியங்கித் துப்பாக்கி) தடை மொத்தக் கொலை எண்ணிக்கையைக் குறைத்தது என்பதற்கு ஆதாரம் பலவீனம். கொலைகளில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடக்கும்போது நீளத் துப்பாக்கியைத் தடுத்து என்ன? ஆனால் வாங்குவதற்கு முன் அனுமதி எடுக்கும் முறை வேறு. கனெக்டிகட் 1995இல் அதைக் கொண்டுவந்தது, மிசூரி 2007இல் நீக்கியது. முதலாவதில் துப்பாக்கிக் கொலை இறங்கியதாகவும் இரண்டாவதில் ஏறியதாகவும் ஆய்வுகள் உண்டு. ஒரே சட்டம், இரண்டு எதிர்த்திசை. ஆதரவு அணி இதைப் பிடித்துக்கொள்வது நல்லது.

பன்றிக்காவல்

மலையக உதாரணம் கேட்டீர்கள். பாதாள உலகமும் ரி-56 இயந்திரத் துப்பாக்கியும் கொழும்புப் பக்கத்துப் பேச்சு. இங்கே எடுக்க வேண்டியது கட்டுத்துவக்கு, அதாவது மிருகம் தட்டினால் தானாக வெடிக்கக் கட்டிவைக்கிற துப்பாக்கி.

கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் கோவா, உருளைக்கிழங்கு போட்ட இடங்களில் காட்டுப்பன்றி ஓர் இரவில் பாத்தியையே புரட்டிவிடும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று சட்டப்படி சொட்கன் எடுக்கலாம். சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டுடையது. 1996இல் திருத்தித் தண்டனையை மிகவும் கடுமையாக்கினார்கள். அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு டிசம்பர் 31உடனும் முடியும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர், பொலிஸ், மாவட்டச் செயலகம் என்று தாள் நகரணும், காணியைக் காட்டணும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்துகொண்டு தோட்டத்து ஓரத்தில் நான்கு பாத்தி போட்டிருப்பவர் எந்தக் காணியைக் காட்டுவார்? சட்டம் வாசலை மூடினால் ஆள் கொல்லைப்புறத்தால் போகிறார். இது எதிரணிக்கு நல்ல வாதம்.

கொல்லைப்புறம் என்பது இதுதான். பன்றித் தடத்தின் குறுக்கே ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி. அதன் மறுமுனையில் புதருக்குள் கள்ளத்துவக்கு. காலால் தட்டியது பன்றியா, விறகுக்குப் போன அக்காவா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் கட்டுத்துவக்குக் காயங்கள் பெரும்பாலும் காலில். குண்டோடு மண்ணும் துணித்துண்டும் சதைக்குள் போகும், புண் சீழ்பிடிக்கும், காலை எடுக்க வேண்டியும் வரும். இங்கே கொல்லும் எண்ணமே இல்லை, ஆனாலும் துப்பாக்கிச் சாவு. “வன்முறைக் குற்றம்” என்ற சொல்லுக்குள் இது வருமா என்று பிள்ளைகள் எதிரணியைக் கேட்கட்டும். துவக்குக் கிடைக்காதவர் சுருக்குக் கம்பி வைக்கிறார். தேயிலை மலைகளில் சிறுத்தை மாட்டிச் சாவது அதில்தான். துப்பாக்கிச் சட்டம் அதைத் தொடாது.

தலைப்புக்கு வெளியே என்றாலும் சொல்லிவிடுகிறேன். தடத்தில் கம்பியைக் கண்டால் தொடவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். இழுபட்டாலும் வெடிக்கும், தளர்ந்தாலும் வெடிக்கலாம். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள், பக்கத்தில் இன்னொன்று இருக்கக்கூடும். பொலிஸுக்கு 119. யாருக்காவது பட்டால் படுக்க வைத்து, சுத்தமான துணியை மடித்து இரத்தம் வரும் இடத்தில் விடாமல் அழுத்துங்கள். உள்ளே இருப்பதை நோண்ட வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும்.

ஹட்டன் விவாத அணி

மிகவும் நன்றி. ஒன்று மட்டும் உறுத்துகிறது. “ஒரு வழியை அடைத்தால் மனிதன் இன்னொரு வழியைத் தேடுவான்” என்று எதிரணி சொன்னால், ஆதரவு அணிக்கு இலங்கைக்குள்ளேயே ஒரு பதில் உண்டா? தோட்டங்களில் கத்திக்கா பஞ்சம், கவ்வாத்துக் கத்தி வீட்டுக்கு வீடு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

உண்டு சேர், உலகமே மேற்கோள் காட்டுகிற பதில். துப்பாக்கி இல்லை, பூச்சிமருந்து.

1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அந்த வருடத்தோடு மிகக் கொடிய நச்சு வகுப்பில் மிச்சமிருந்த பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். 1998இல் எண்டோசல்பான். 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் உட்பட இன்னும் சில. 2005க்குள்ளேயே வீதம் பாதியாகிவிட்டது. விவாதத்துக்கு வேண்டிய பகுதி இனித்தான்: நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள். துயரமும் குடும்பச் சண்டையும் அப்படியே இருந்தன, கைக்கு எட்டியது மட்டும் மாறியது. வேறு வழிக்குப் போனவர்களும் ஓரளவு உண்டு, அதை மறைக்க வேண்டாம். இருந்தும் மொத்தம் இறங்கியது. “பயிர் என்னாவது” என்று அன்றும் கேட்டார்கள். விளைச்சல் விழவில்லை.

சிம்ரிங் சொன்ன கத்தியும் துப்பாக்கியும் கணக்குக்கு இது இரட்டைப்பிள்ளை. கவ்வாத்துக் கத்தி வீட்டுக்கு வீடு இருக்கத்தான் செய்கிறது, அது பத்தடிக்கு அப்பால் எட்டாது.

எதிர்க்கட்சி வக்கீல்

நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரணியில் கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால் இப்படித் திருப்புவார்: “பூச்சிமருந்தைக் கடையில் நிறுத்தலாம், அதைக் கடத்திவந்து விற்கப் பாதாளக் கோஷ்டி இல்லை. துப்பாக்கிக்கு உண்டு.” 2024 நவம்பர் 7ஐத் திகதியாக வைத்துத் தற்காப்புக்குக் கொடுத்த துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னது பாதுகாப்பு அமைச்சு. அது அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவர்களிடம். 2025 பெப்ரவரி 19இல் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் வக்கீல் வேடத்தில் வந்து சுட்டவர், குடைந்த சட்டப் புத்தகத்துக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட கைத்துப்பாக்கியைத்தான் பயன்படுத்தினார். அதற்கு எந்தச் செயலகம் பத்திரம் கொடுத்தது?

பன்றிக்காவல்

அந்தக் கேள்விக்கு ஆதரவு அணி “அப்படியானால் சட்டத்தைக் கூட்டு” என்று சொல்லக் கூடாது, சிக்கிவிடும். “பத்திரமுள்ளது எப்படிக் கள்ளச் சந்தைக்குப் போகிறது என்று தேடு” என்று சொல்லட்டும். களவு போனது, செத்தவரின் பெயரில் புதுப்பிக்காமல் பரணில் கிடப்பது, படையை விட்டு ஓடியவர் கொண்டுபோனது. வருடாந்தப் புதுப்பிப்பின் பயனே அங்கேதான்: ஜனவரியில் வராத துவக்கு எது என்று பதிவேட்டைப் பார்த்தால் தெரியும்.

டீச்சர்மார் யாராவது படித்தால்: பூச்சிமருந்துப் பகுதியைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது வீதத்தையும் தடை வருடத்தையும் மட்டும் கொடுங்கள், வழிமுறை விவரம் வேண்டாம். 1926 என்ற மனநல உதவி எண்ணையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை

ஒரு பேச்சாளருக்கு இரண்டு எண்ணுக்கு மேல் வேண்டாம் சேர். முதல் பேச்சாளருக்கு 48,830ஐப் பிரித்துக் காட்டுவது, இரண்டாமவருக்கு சிக்காகோவின் 5 மடங்கு, தொகுப்புரைக்கு 47. எதிரணி கிடைத்தால் முதலில் 1991 முதல் 2014, பிறகு ஜமைக்கா, கடைசியில் லயத்துக்காரரின் காணி.