லெச்சி மரத்தில் கைவைப்பது வௌவாலா, குரங்கா, எலியா? வலை போட்டால் நிற்குமா?

சுயாக்_வாசல் எழுதியது:

வணக்கம். மொரீஷியஸில் சுயாக் பக்கம் வீட்டுத் தோட்டம். பெரிய லெச்சி (லிச்சி) மரம் ஒன்று, ஏழு மீட்டர் உயரம் இருக்கும். ஒட்டினாற்போல ஒரு மாமரம், சற்றுத் தள்ளி பாதாமியே (நாட்டு வாதுமை) மரம். லெச்சி இப்போதுதான் சிவக்கத் தொடங்குகிறது. விடிந்து பார்த்தால் கீழே தோலும் கொட்டையும் பாதி கடித்த பழமும் கிடக்கின்றன. சில காய்கள் மரத்திலேயே வெடித்துத் தொங்குகின்றன. புல்தரையில் கூம்பு மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் வேறு. வௌவால் என்கிறார் ஒருவர், ஸாக்கோ (குரங்கு) என்கிறார் இன்னொருவர். வலை விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. போட்டால் எல்லாம் நின்றுவிடுமா? பகலில் ஒரு கீரி சுற்றுகிறது. அதை விரட்டாமல் விட்டால் எலியாவது குறையுமா?

மக்காபே_காடு பதில்:

வலைக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் விடியற்காலையில் ஒரு பத்து நிமிஷம் மரத்தடியில் குனிந்து பாருங்கள். யார் வந்துபோனார்கள் என்பது குப்பையிலேயே எழுதியிருக்கும்.

வௌவால் பழத்தை மென்று சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டு நாரைத் துப்பிவிடும். கையால் பிழிந்து எறிந்த மாதிரி, தட்டையான சக்கை உருண்டையாகக் கிடக்கும். காய்ந்ததை எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில் வரி வரியாக மேலண்ணத்தின் அச்சுகூடத் தெரியும். லெச்சிக் கொட்டை பெரியது, விழுங்க முடியாது. அதனால் கொட்டை முழுசாக, பல் படாமல் விழுந்திருக்கும். உங்கள் லெச்சியடியில் மட்டும் தேடாதீர்கள். பழத்தைக் கவ்விக்கொண்டு போய் வேறு மரத்தில் தொங்கியபடி தின்னும் பழக்கம் அதற்கு உண்டு. பாதாமியே மரத்தடியில் லெச்சிக் கொட்டை கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

எலி வேறு மாதிரி. பழம் பெரும்பாலும் கொத்திலேயே தொங்கும், பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கும். ஓட்டை விளிம்பில் இரட்டை உளியால் சீவியது போலக் கோடு. கொட்டையையும் சுரண்டியிருக்கும். சுவர் இடுக்கிலோ தகரக் கூரைக்கு அடியிலோ தோல் சின்னக் குவியலாகச் சேர்ந்திருந்தால் அது எலியின் சாப்பாட்டு மேசை.

குரங்கு பகலில்தான் வரும், அதுவும் கூட்டமாக. பழுக்காத பச்சைக் காயையும் பறித்து ஒரு கடி கடித்து எறியும், இலையோடு இணுக்கை முறிக்கும். கன்னப் பைக்குள் அடைத்துக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் உட்கார்ந்து துப்பும். இணுக்கு முறிந்திருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. அதனால் என் பந்தயம் குரங்கின்மேல் இல்லை.

வெடித்த காய்க்கு எந்த மிருகமும் காரணமில்லை. சில வாரம் காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று கனமழை கொட்டினால் உள்ளே சதை ஊதும், தோல் ஈடுகொடுக்காமல் நீளவாக்கில் பிளக்கும். பிளந்த இடத்தில் கொண்டைக்குருவி வந்து கொத்தும் (கிரியோலில் கொண்டே என்கிறோமே, அதேதான்), பின்னாலேயே எறும்பும் குளவியும் வரும். பார்க்கிறவர் குருவிதான் கிழித்தது என்று நினைத்துக்கொள்வார். காய் பிடித்த நாளிலிருந்து தண்ணீரை விட்டுவிட்டு ஊற்றாமல் ஒரே சீராகக் கொடுங்கள், அடியில் கரும்புச் சோகை பரப்புங்கள். வெடிப்பு குறையும்.

தாங்_கூடு பதில்:

புல்தரைக் குழி தாங் (டென்ரெக்) என்ற சின்ன விலங்கின் வேலை. முள்ளெலி மாதிரி இருக்கும், ஆனால் முள்ளெலிக்கும் அதற்கும் உறவில்லை. மடகாஸ்கரிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. உயிரியலார் கணக்கில் அது யானைக்குத்தான் தூரத்துச் சொந்தம்! குளிர்மாதங்களில் வளைக்குள் அடைத்துக்கொண்டு தூங்கும், மழை தொடங்கியதும் வெளியே வரும். கூர்மூக்கை மண்ணுக்குள் குத்திப் புழுவும் வண்டுப்புழுவும் தேடுவதால்தான் குழி கூம்பாக இருக்கிறது. ஒரே ஈற்றில் முப்பது குட்டிவரைகூடப் பதிவாகியிருக்கிறது. குட்டிகளுக்கு உடம்பில் வெளிர் வரிகள் இருக்கும், தாயின் பின்னால் வரிசை கட்டிப் போகும். மரம் ஏறி லெச்சி தின்னாது. விட்டுவிடுங்கள். கையால் மட்டும் தூக்காதீர்கள், வாயை அகலத் திறந்து நன்றாகவே கடிக்கும்.

கீரியை நம்பாதீர்கள். எலியை ஒழிக்கத்தான் 1900இல் இங்கே விட்டார்கள். கீரி பகலில் நடமாடும், எலி இரவில். சில எலியைப் பிடித்தாலும் கீரியால் எலி ஒழியவில்லை. கோழிக்குஞ்சையும் முட்டையையும் தரையில் கூடு கட்டும் பறவைகளையும்கூடக் கீரி தின்னும். எலியைத் தடுக்கும் வழி மரத்திலேயே இருக்கிறது. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், அரை மீட்டர் அகலமுள்ள வழுவழுப்பான தகரத்தை அடிமரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். ஆணி அடிக்காமல் கம்பியால் இறுக்குங்கள், மரம் பருக்கப் பருக்கத் தளர்த்திவிட வேண்டும். ஆனால் மாமரக் கிளை லெச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வீண், எலி அந்தப் பாலத்தில் வந்துவிடும். இரண்டு மரத்துக்கும் நடுவே இரண்டு மீட்டர் வெளி விடுங்கள்.

வலைக்காரர் பதில்:

வலை வௌவாலுக்குத்தான். குரங்குக்கு இரண்டு கை இருக்கிறது, கிழித்துக்கொண்டு உள்ளே போகும். எலி கடித்து ஓட்டை போடும்.

வலை போட்டும் பயனில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வலையைப் போர்வை மாதிரி மரத்தின்மேல் தூக்கிப் போட்டவர்கள். அரைக் கிலோ எடை உள்ள வௌவால் வலையின்மேல் படுத்துக்கொண்டு, கீழே ஒட்டியிருக்கும் பழத்தை வலையோடு சேர்த்துக் கடிக்கும். தொளதொளவென்று தொங்கினால் சிறகு மாட்டிக்கொண்டு செத்தும் போகும். மூங்கிலோ இரும்புக் குழாயோ நட்டுச் சட்டம் போடுங்கள். வலைக்கும் வெளிக்கொத்துக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி இருக்க வேண்டும். கையால் தட்டினால் பறைத்தோல் மாதிரி எகிறணும், அவ்வளவு இறுக்கம். கண் சின்னதாக, சுண்டுவிரல் நுழையாத அளவில் வாங்குங்கள். மீன்பிடி வலையின் மெல்லிய நைலான் நூல் வேண்டவே வேண்டாம். வெள்ளை நிறம் நல்லது, இருட்டில் வௌவாலுக்கே தெரியும்.

அளவு பார்ப்பது எளிது. மரம் 5 மீட்டர் உயரம், தலை 6 மீட்டர் அகலம் என்றால் 5+6+5 ஆக 16. சட்டத்துக்கும் தரையில் மடிப்புக்கும் இரண்டு மீட்டர் கூட்டி 18க்கு 18 வெட்டுங்கள். ஓரத்தைச் சுற்றிலும் கல்லோ மண்மூட்டையோ வைத்து அழுத்துங்கள். கீழே ஒரு முழம் திறந்திருந்தாலும் வௌவால் உள்ளே வரும், பிறகு வெளியே போகத் தெரியாமல் மரத்தையே கலக்கும்.

பூவிருக்கும்போது மூடாதீர்கள், தேனீ வராது, காய் பிடிக்காது. பச்சை மாறி இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும் வாரம்தான் சரியான நேரம். லெச்சியைப் பறித்து வைத்தால் பழுக்காது, அதனால் முந்திப் பறித்துத் தப்பிக்க முடியாது. மாங்காய்க்கு அந்த வசதி உண்டு: காம்படியில் தோள் புடைத்ததும் பறித்து வைக்கோலில் போட்டால் போதும்.

சுயாக்_வாசல் எழுதியது:

பார்த்துவிட்டேன். சக்கை உருண்டை நிறைய. கொட்டை எல்லாம் பாதாமியே மரத்தடியில், ஒன்றில்கூடப் பல் தடம் இல்லை. ஆக வௌவால்தான். ஏழு மீட்டர் மரத்துக்குச் சட்டம் கட்டுவது நடக்கிற காரியமா? துப்பாக்கி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இரண்டைச் சுட்டால் மற்றவை வராது என்கிறார்.

மக்காபே_காடு பதில்:

அந்த அண்ணன் பேச்சைக் கேட்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட உயிர், அனுமதியில்லாமல் சுட்டால் வழக்கு. 2015இலும் 2016இலும் அரசே பல்லாயிரம் வௌவால்களைக் கொன்றது, இன்றைக்கும் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள். மரத்தில் பழம் இருக்கும்வரை இரண்டு போனால் வேறு நாலு வரும். ஆனால் இனத்துக்கு அது பேரிழப்பு. தாய் வருஷத்துக்கு ஒரே குட்டிதான் போடும். 2018இல் உலகச் சிவப்புப் பட்டியலில் அருகிவரும் இனமாகச் சேர்த்துவிட்டார்கள். ஒருகாலத்தில் இந்தத் தீவில் இரண்டு வகைப் பழந்தின்னி வௌவால் இருந்தது, சின்ன வகை 19ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனது. காட்டு மரங்களின் பெரிய விதைகளைச் சுமந்துபோக மிச்சமிருப்பது இது ஒன்றுதான். வலையில் சிக்கியதைப் பார்த்தால் வெறுங்கையால் தொடாமல் துண்டால் மூடிவிட்டு, தேசியப் பூங்கா பாதுகாப்புச் சேவைக்குச் சொல்லுங்கள்.

வலைக்காரர் பதில்:

ஏழு மீட்டருக்கு இந்த வருஷம் முழுச் சட்டம் வேண்டாம், ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைவதுதான் மிச்சம். தாழக் கிளைகளில் காய் அதிகமுள்ள இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மூங்கில் பிளாச்சை வளையமாக வளைத்துக் கிளையைச் சுற்றிக் கூண்டு மாதிரிக் கட்டி, அதன்மேல் வலையை இழுத்து இரு முனையையும் முடிச்சுப் போடுங்கள். உச்சிப் பழம் வௌவாலுக்குப் போகட்டும், எப்படியும் உங்களுக்கு எட்டாது.

அறுவடை முடிந்த கையோடு, ஜனவரியிலேயே, மரத்தை நாலு மீட்டருக்கு இறக்கத் தொடங்குங்கள். ஒரே வருஷத்தில் மொட்டையடிக்காதீர்கள், வெயில் பட்டுக் கிளைப்பட்டை வெந்துபோகும். நடுவில் நிமிர்ந்து நிற்கும் பெருங்கிளையை இந்த வருஷம், அடுத்ததை வருகிற வருஷம் என்று மூன்று வருஷத்தில் இறக்குங்கள். வெட்டுவதை மார்ச்சுக்குமேல் தள்ளினால் புதுத் துளிர் குளிருக்குள் முற்றாது, பூவும் வராது.

இன்னொன்று: கடைசிக் கொத்தை அறுத்த அன்றே வலையை இறக்குங்கள். சூறாவளி எச்சரிக்கை முதல் வகுப்பு வந்ததும் பழம் மிச்சமிருந்தாலும் கழற்றிவிடுங்கள். வலை காற்றைப் பிடித்தால் பாய்மரம் மாதிரிதான், சட்டத்தோடு கிளையையும் பெயர்க்கும். கழற்றியதை அலசி, நிழலில் காயவைத்துச் சுருட்டிப் பீப்பாய்க்குள் போட்டு மூடுங்கள். வெளியே கிடந்தால் எலி கூடு கட்ட முதலில் எடுப்பது அதைத்தான்.